டெஸ்ட் முடிந்தது, சர்வர் முடியவில்லை

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். இத்தனை நாள் எழுதாததற்கு நேரில் வந்து திட்டு. இப்போது ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

போன வாரம் எங்கள் பைத்தான் நிரலைச் சோதிக்கும் டெஸ்டுகள் எல்லாமே பாஸ், ஆனால் அவற்றை ஓட்டிய ப்ராசஸ் முடியவே இல்லை. கடைசியில் டைம்அவுட் ஆகி பில்ட் விழுந்தது. அந்த ப்ராசஸுக்குள் தனித்தனி இழைகளாக ஓடும் த்ரெட்களில் உயிரோடிருந்தவற்றைப் பட்டியல் போட்டுப் பார்த்தோம். எப்போதோ முடிந்துபோன ஒரு டெஸ்ட் கிளப்பிவிட்ட எச்டிடிபி சர்வர், வராத ரிக்வெஸ்டுக்காக இன்னும் காத்திருந்தது. வெளியேறும்போது பைத்தான் காத்திருக்காத பின்னணி த்ரெட்தான் டீமன்; அப்படி அல்லாத ஒரே ஒரு த்ரெட் மிச்சமிருந்தாலும் பைத்தான் வெளியேறாது, உனக்குத் தெரியும்.

"டீமன் ஆக்கிவிட்டால் போச்சு" என்றார் எங்களோடு வேலை செய்யும் தாடி. எனக்குக் கோபமே வந்துவிட்டது. ப்ராசஸ் முடியும், சரி. அதுவரை? அந்த த்ரெட் அடுத்த டெஸ்டுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டுதானே இருக்கும், சர்வர் காத்திருக்கும் எண்ணான போர்ட்டையும் விடாது. அதே போர்ட்டைக் கேட்கிற அப்பாவி டெஸ்ட் விழும், பழியும் அதன் மேல்தான். போர்ட் எண்ணை 0 என்று கொடுத்தால் காலியாக உள்ளதை ஓஎஸ்ஸே தரும். மோதல் தீரும், த்ரெட்டை மூடாமல் விட்ட கசிவு தீராது.

டெஸ்ட் முடிந்ததும் எல்லாவற்றையும் மூட டியர்டவுன் இருக்கிறதே என்பாய். டெஸ்டுக்கு முன் ஓடும் செட்டப் பாதியில் விழுந்தால், பைத்தானின் டெஸ்ட் நூலகமான யூனிட்டெஸ்ட் டியர்டவுனைக் கூப்பிடுவதே இல்லை, மாப்ளே! அதுவரை திறந்தது திறந்தபடியே கிடக்கும். மூடும் வேலையைப் பதிந்துவைக்கிற ஆட்கிளீனப் அப்படியில்லை, அதில் பதிந்தது செட்டப் விழுந்தாலும் ஓடும். திறந்த கையோடு மூடுவதையும் பதிந்துவிடலாம். கடைசியில் பதிந்தது முதலில் ஓடும். சர்வரை உருவாக்கியதும், அதன் இணைப்பு வாயிலான சாக்கெட்டை மூடும் சர்வர்க்ளோஸைப் பதி. த்ரெட்டைக் கிளப்பியதும், அது முடியும்வரை காத்திருக்கும் ஜாயின், அப்புறம் ஷட்டவுன். மூடும்போது ஷட்டவுன், ஜாயின், க்ளோஸ் என்று தானாகவே சரியான வரிசையில் வந்துவிடும்.

மூன்றில் எதையும் விட முடியாது. ஷட்டவுன் கோரிக்கை கேட்கிற லூப்பை மட்டும்தான் நிறுத்தும், சாக்கெட்டை மூடாது. அதை சர்வர் ஓடுகிற த்ரெட்டிலிருந்தே கூப்பிட்டால் டெட்லாக், தன்னையே எதிர்பார்த்து அப்படியே நின்றுவிடும். ஜாயினுக்கு டைம்அவுட் கொடுத்தால் த்ரெட் முடிந்ததா இல்லையா என்று அது சொல்லாது. உயிரோடிருக்கிறதா என்று தனியாகக் கேட்டு, இருந்தால் டெஸ்டை விழவைக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் யாரும் எழுதுவதில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகவே படுகிறது: நேற்று பாஸ் ஆன டெஸ்ட் இன்று காரணமில்லாமல் விழுந்தால், நாளைக்கு உண்மையான பிழையையும் "மறுபடி ஓட்டிப் பார்" என்றுதான் தள்ளுவார்கள்.

வரிசையில் வரும் வேலைகளைச் செய்யும் உங்கள் க்யூ வொர்க்கரின் டெஸ்டுகளின் முடிவில் எத்தனை த்ரெட் மிஞ்சுகிறது என்று பார்த்து எழுது. அக்காவுக்கு என் வணக்கம்.

உன்
குட்டை