வெட்டு மெசினுக்கு முன்னம் மட்டம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீயும் தம்பியும் காசு சேர்த்து, நெல்லை வெட்டி அடித்துத் தருகிற ஒரு வெட்டு மெசின் எடுத்துத் தரலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். ஐந்து ஏக்கருக்கு அது ஒரு போகத்தில் ஒரு நாள் வேலை. மிச்ச நாளெல்லாம் ஓட்டுநரும் உதிரிப்பாகமும் தேடுகிற வேலை. அந்தக் காசில் பாதியும் போகாத வேறொரு வேலை வயலில் கிடக்கிறது: வயலை மட்டமாக்குவது. அது தண்ணீரோடு பட்ட வேலை, அதனால் குளத்தில் இருந்து தொடங்குகிறேன்.

வன்னியில் மழை ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டிவிட்டுப் போய்விடும். பிடித்து வைத்தால்தான் கமம். மண்ணால் அணை கட்டுவது பெரிய வித்தையில்லை. அணை உடையாமல் அதன் அடியால் தண்ணீர் எடுப்பதுதான் வித்தை. 20 அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், துருசு (அணைக்கு அடியால் தண்ணீர் விடும் மதகு) வாயால் அது கணக்குப்படி செக்கனுக்கு ஏறத்தாழ 11 மீற்றர் வேகத்தில் பாயும். அந்த வேகம் கல் மூட்டுகளை அரித்து, சுற்றியுள்ள மண்ணைக் கரைத்து, கடைசியில் அணையையும் கொண்டு போகும். பழைய ஆட்கள் அணையின் உட்பக்கத்தில் கல்லும் செங்கல்லும் வைத்துச் சதுரமாக ஒரு கிணறு கட்டினார்கள். குளத்துத் தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து வேகம் அடங்கும். பிறகுதான் அணைக்கு அடியில் போகிற கால்வழியால் வெளியே வரும். திறப்பதும் மூடுவதும் அந்தக் கிணற்றுக்குள்ளேயே. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பாக்கர் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். மன்னார்ப் பக்கம் அருவி ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பியதும் பழைய வேலைதான். கிளிநொச்சி இரணைமடுக் குளம் அப்படியில்லை, அது வெள்ளைக்காரன் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கியது.

உழவுக்கு வருவோம். மரக்கலப்பையின் கொழு மண்ணைப் புரட்டாது, நாலு விரல் ஆழத்துக்குக் கீறும். அதனால் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நாலு சால் ஓட்ட வேண்டும். பிறகு மசி பெர்குசன் 35, 135 உழவு இயந்திரங்கள் வந்தன. 135இல் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின், 45 குதிரைவலு அளவு. இன்றைக்கும் ஓடுகின்றன. 90களில் டீசல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டியபோது தேய்ந்தது எரிபொருள் பம்ப். மண்ணெண்ணெய்க்கு டீசல் அளவு வழுவழுப்பு இல்லை.

இப்போது எல்லோரும் ரொட்டவேற்றர், சுழலும் பிளேட்டால் மண்ணை அடிக்கிற கருவி. வேலை கெதி, ஆனால் இரண்டு கெடுதி உண்டு. காய்ந்த மண்ணில் இரண்டு தரம் அடித்தால் மண் மாவாகிவிடும். புழுதியில் விதைத்தபின் ஒரு மழை அடித்து வெயில் எறித்தால் மேலே ஓடு பிடிக்கும், முளை வெளியே வராது. மற்றது, ஈர மண்ணில் அடிக்க அடிக்க அதன் வளைந்த பிளேட் ஒரே ஆழத்தில் அடிமண்ணைப் பூசி இறுக்கும். ஒரு கம்பியைக் குத்திப் பார், அரைச் சாணில் முட்டும். நெல்லுக்கு அந்த இறுக்கம் தண்ணீரைத் தாங்கும் என்பதால் முழுக்கக் கூடாதென்று சொல்ல மாட்டேன். நெல்லுக்குப் பின் உழுந்தோ பயறோ போட்டால்தான் வேர் இறங்காமல் வாடும். ஒரு போகம் விட்டு ஒரு போகமாவது முள்ளுக்கலப்பையால் காய்ந்த மண்ணைக் கிளற வேண்டும்.

நெல் இனம் மாறியதை நீ அறிவாய். பழைய இனமான மொட்டைக்கறுப்பன் உயரம், யூரியா போட்டால் சாய்ந்துவிடும். இப்போது பிஜி 300 மூன்று மாதம், பிஜி 360 மூன்றரை மாதம். குளத்துத் தண்ணீரைப் பார்த்து இனத்தைத் தெரிவு செய்யலாம்.

இனி நீ கேட்ட மெசின். முந்தி தாக்கத்தியால் வெட்டி, உப்பட்டி (வெட்டிப் போட்ட கதிர்) காயவிட்டு, சூடு (கதிர்ப் போர்) வைத்து, ஆறுதலாக மிதிப்பார்கள். நெல் சூட்டிலேயே காய்ந்துவிடும், விலை பார்த்தும் அடிக்கலாம். மெசின் வெட்டின நெல் 20 முதல் 24 வீத ஈரத்தோடு சாக்குக்குள் வருகிறது. எல்லாருடையதும் ஒரே கிழமையில். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்துக்கு மேல் ஈரமிருந்தால் எடுக்காது. 22 வீத ஈரத்தில் 1000 கிலோ என்றால் 14க்கு வரும்போது 907 கிலோதான். காயவிடும்போது படங்கில் (தார்ப்பாயில்) இரண்டு அங்குல மொத்தத்துக்கு மேல் பரப்பக்கூடாது, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கடும் வெயிலில் மெல்லியதாகப் பரப்பிவிட்டுப் போனாலும் அரிசி வெடித்து, ஆலையில் குறுணலாகும்.

வாடகை மெசின் வயலில் இறங்கினால் முதல் சுற்றிலேயே பின்னால் போய் வைக்கோலை விலக்கிப் பார்க்க வேண்டும். மெசின் போன அகலம் முழுக்கப் பல இடத்தில் எண்ணிப் பார்த்து, சராசரி ஒரு சதுர மீற்றரில் 200 மணி கிடந்தால் ஏக்கருக்கு ஒரு புசல் (20 கிலோ அளவு) போகிறது என்று கணக்கு. அப்படியென்றால் மெசினுக்குள் பதரை ஊதும் காற்றாடியின் வேகம் கூடியிருக்கும், இல்லாவிட்டால் ஓட்டுநர் அவசரப்படுகிறார். மணி உடைந்து வந்தால் அடிக்கிற உருளையின் வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் மோசம் பன்றிநெல் என்கிற களைநெல். முன்வயலில் வெட்டினது மெசினின் மூலைகளில் ஒட்டிக்கொண்டு நம் வயலில் கொட்டும். இறங்க முன்னம் வெறுமையாய் ஓடவிட்டுத் தட்டித் துடைப்பிக்க வேண்டும். முதல் சாக்கை விதைக்கு எடுக்கக்கூடாது. பன்றிநெல் வந்துவிட்டால் அதை முதல் மழைக்கு முளைக்கவிட்டு, உழுது அழித்து, பிறகு விதைக்க வேண்டும்.

இப்போது அந்த மட்டம் பண்ணுகிற வேலை. நம் வயலில் மேற்கு வரம்போரம் மேடு, வாய்க்கால் பக்கம் பள்ளம். மேட்டில் தண்ணீர் நில்லாமல் களை எழும்புகிறது, பள்ளத்தில் முளை அழுகுகிறது. மேட்டை நனைக்கத் தண்ணீர் இரட்டிப்பாய்ப் போகிறது. மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்து மட்டத்தைப் பார்த்துத்தான் ஆளுக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பிரிப்பார்கள், அங்கே இது பெரிய நட்டம். லேசர் மட்டம் அடிக்கலாம்: ஒரு முக்காலியில் லேசர் சுழலும், உழவு இயந்திரத்தின் பின் இழுக்கும் வாளியில் அதைப் பிடிக்கும் கருவி, வாளி தானாக ஏறி இறங்கி மண்ணை மேட்டில் வெட்டிப் பள்ளத்தில் விடும். 2 சென்ரிமீற்றர் ஏற்றத்தாழ்வுக்குள் வரும். மேட்டை ஆழமாய் வெட்டின இடத்தில் முதல் போகம் பயிர் மஞ்சளாய் நிற்கும், அங்கே மாட்டெரு கூடப் போட வேண்டும்.

வயல் காய்ந்து, ஒரு தரம் உழுது கிடக்க வேண்டும். காசு அனுப்புவதென்றால் ஆவணிக்கு முன்னம் அனுப்பு. மழை விழுந்துவிட்டால் வாளி சேற்றில் இறங்காது.

அப்பா