1860 ஆர்மி ரிவால்வர்: சிலிண்டர் குறை பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய 0.44 காலிபர் 1860 ஆர்மி ரிவால்வர் (பழைய கோல்ட் மாடலின் புது நகல்) பற்றிப் போனிலும் மின்னஞ்சலிலும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் பேசுகிறார், முதலிலிருந்து கேட்கிறார், "நாங்களே கூப்பிடுகிறோம்" என்று வைத்துவிடுகிறார். யாரும் கூப்பிடுவதில்லை. அதனால்தான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

குறை சிலிண்டரில், அதாவது குண்டு போடும் ஆறு அறைகள் கொண்ட சுழல் உருளையில் இருக்கிறது. உங்கள் கையேட்டில் போட்டிருப்பது 0.451 அங்குல ஈயக்குண்டு. அதையேதான் போட்டேன். 25 கிரெயின் (சுமார் 1.6 கிராம்) வெடிமருந்து, மேலே எண்ணெய் ஊறிய கம்பளி வட்டு, அப்புறம் குண்டு. நான்கு அறைகளில் குண்டை உள்ளே தள்ளும் லீவரை அழுத்தினால், நகம் வெட்டிப் போட்டதுபோல் மெல்லிய ஈய வளையம் வாயில் சீவிக்கொண்டு வருகிறது. வளையம் வந்தால்தான் குண்டு இறுகியிருக்கிறது என்று அர்த்தம். மற்ற இரண்டில் வளையம் வருவதே இல்லை. ரேஞ்சில் மூன்றாவது முறை சுட்டதும் சிலிண்டர் சுழலவில்லை. அடுத்த அறையின் குண்டு பின்னுதைப்பில் முன்னால் நகர்ந்து, வெளியே துருத்தி, பேரலில் (துப்பாக்கிக் குழலில்) முட்டிக்கொண்டு நின்றது.

பின்னர் துப்பாக்கியைப் பிரித்து வெர்னியர் வைத்து அளந்தேன். நான்கு அறைகள் 0.448 அங்குலம், இரண்டு 0.452. அந்த இரண்டில் 0.451 குண்டு எப்படி நிற்கும்? இதை விற்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இறுகாத குண்டின் ஓரமாக நெருப்புப் புகுந்து, பேரலுக்கு நேராக இல்லாத அறையும் சேர்ந்து வெடித்தால் என் கை என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

சிலிண்டர் சிக்கியதை உங்கள் சேவைப் பிரிவில் ஒருவரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கம்பெனி தோட்டா போட்டீர்கள்?" கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), குண்டு, மருந்து என்று தனித்தனியாகப் போடுகிற துப்பாக்கி இது. தோட்டாவே கிடையாது என்றேன். "சார், துப்பாக்கி உங்களுக்குப் புதுசா?" என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சிக்கிய சிலிண்டரில் சுடாத அறைகள் இன்னும் நிரம்பித்தான் இருக்கின்றன என்றதும், "பரவாயில்லை, அப்படியே பெட்டியில் போட்டு அனுப்புங்கள்" என்றார். மருந்தும் குண்டும் ஏற்றிய ரிவால்வரைப் பார்சலில்! கறுப்பு வெடிமருந்தைச் சாதாரணப் பார்சலில் அனுப்புவதே அமெரிக்காவில் குற்றம். வேனில் அதைத் தூக்கிப் போடப்போகும் ஆளைப் பற்றி அவருக்கு என்ன கவலை? மேலாளரிடம் பேச வேண்டும் என்றேன், லைனைத் துண்டித்துவிட்டார். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும், தயவுசெய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

நான் அப்படி அனுப்பவில்லை. கேப்புகளை எடுத்து, பேரலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி, பேரலைப் பிரித்து, கேப் மாட்டும் நிப்பிள்களைக் கழற்றி, மருந்தை நனைத்துக் கொட்டினேன். பேரலில் முட்டி நின்ற அந்தக் குண்டு விரலால் தள்ளியதும் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு இன்னொருவர், உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் என்று ஒரு முகவரி கொடுத்தார். வேலைக்கு லீவு போட்டு, மாநிலத்தின் மறுகோடிக்கு வண்டி ஓட்டிப் போனேன். கவுண்டரில் இருந்தவர் சிலிண்டரைக் கையில்கூட வாங்கவில்லை. தோட்டாத் துப்பாக்கி மட்டும்தான் பார்ப்பார்களாம். உங்கள் பட்டியலில் தங்கள் பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது. பாதி நாள் ஓட்டிப் போனவன் அதே பெட்டியுடன் திரும்பினேன்.

கடைசியாக வந்த உங்கள் மின்னஞ்சலில் "கரி படிந்ததால் சிக்கியிருக்கலாம்" என்று இருக்கிறது. புதுத் துப்பாக்கி, முதல் நாள், மூன்றாவது சூடு. இதில் என்ன கரி? 0.454 குண்டு போடுங்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போட்டேன். சரியான நான்கு அறைகளில் லீவர் வளைந்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கிறது. ஆறு அறையும் ஒரே அளவில் இல்லாத சிலிண்டருக்குக் குண்டை மாற்றுவது எப்படித் தீர்வாகும்? "பழைய மாடல் அப்படித்தான் இருக்கும்" என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கொதித்துவிட்டது. கோல்ட் நிறுவனம் 1860 முதல் 1873 வரை சுமார் இரண்டு லட்சம் செய்த மாடல் இது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படையினர் இதை நம்பித்தான் போனார்கள். மாடலைக் குறை சொல்லாதீர்கள். குறை இந்தச் சிலிண்டரைத் துளையிட்ட வேலையிலும் உங்கள் சோதனையிலும் இருக்கிறது.

இண்டியானாவில் ஃபிரெண்ட்ஷிப் ஊரில் நடக்கும் செப்டம்பர் துப்பாக்கி சுடும் போட்டிக்காகத்தான் இதை வாங்கினேன். அதுவும் போச்சு. ஒரு வருட ஆசை, சேமிப்பு, விடுமுறை எல்லாமே உங்களால் வீண். இதற்கு எந்தப் பணமும் ஈடாகாது.

இருந்தாலும் உங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் கொஞ்சம் மதிப்பு வைத்துதான் கேட்கிறேன். அளந்து சோதித்த புதுச் சிலிண்டரை இந்த ஃபிரேமுக்குப் பொருத்திக் கொடுங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். போக வர ஷிப்பிங் செலவு உங்களுடையது. இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் பதில் வரவில்லை என்றால், கிரெடிட் கார்டு வங்கியிலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுப்பேன். இத்தாலியில் உள்ள தயாரிப்பாளருக்கும் அளவுகளுடன் படங்கள் போகும். அந்த நிலைக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை, ஆனால் தயங்கமாட்டேன்.

பில் நகலும் ஆறு அறைகளின் அளவுப் படங்களும் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் இனி நான் பேசுவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்