சார்ஜரைக் கழற்றும் முன் மீட்டரை வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டில், விளக்கு எல்லாம் வைத்துத் தங்கிப் போகும் கேம்பர் வேன் பயணம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் இரவில் விளக்கு மங்கினால் பேட்டரியை மாற்றிவிட வேண்டியதுதான் என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன். இந்தப் பேச்சைக் கேட்டு நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அண்மையில் ஒரு குடும்பம் கொண்டுவந்த வண்டியைச் சொல்கிறேன். ராத்திரி முழுக்க கரண்டில் போட்டாலும் மறுநாள் மாலைக்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது. பேட்டரி புதிது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. சார்ஜர் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று முன்பு பார்த்தவர் சொல்லியிருக்கிறார். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே சார்ஜரின் வெளிவாயில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன்: 14.4 வோல்ட். அதே நேரத்தில் பேட்டரி டெர்மினலில் வைத்தால் 12.9 தான். நடுவில் ஒன்றரை வோல்ட் எங்கே போனது? வயரைக் கையால் தடவிக்கொண்டே போனால், கட்டிலுக்கு அடியில் இருந்த ஃபியூஸ் ஹோல்டர் தொட முடியாத சூடு. ஃபியூஸ் எரியவில்லை, கம்பி முழுசாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பிடித்திருந்த பித்தளை நாக்கு தளர்ந்து கறுத்து, பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. 15 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒன்றரை வோல்ட் தொலைந்தால், அந்தச் சின்ன இடத்திலேயே 22 வாட்டுக்கு மேல் சூடாகிறது என்று கணக்கு. பக்கத்திலேயே மெத்தை.

சாதாரண சார்ஜருக்குத் தன் வாயில் இருக்கும் வோல்ட்தான் தெரியும், வயரின் மறுமுனை தெரியாது. 14.4 வந்துவிட்டது, பேட்டரி நிறைகிறது என்று நினைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் 13.6 அளவுக்கு இறங்கி ஓய்வெடுக்கப் போய்விடும். அதனால்தான் பச்சை விளக்கு. அந்த ஹோல்டரையும் அதன் இரண்டு பக்கமும் வயர் நுனியைப் பிடிக்கும் லக்குகளையும் மாற்றியதோடு வேலை முடிந்தது. சார்ஜரும் பேட்டரியும் அப்படியே இருக்கின்றன.

ஆகவே முதலில் அளக்க வேண்டும். சார்ஜரையும் எல்லா விளக்கையும் நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12 வோல்ட் ஈய அமில பேட்டரி என்றால் 12.7 நிறைவு, 12.2 ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே காலி என்றே வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு ஏற்றினாலும் 10.5 பக்கத்திலேயே வந்து நின்றால் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது, அப்போது பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். பிளக்கைப் போட்டதும் பேட்டரியில் வோல்ட் ஏற வேண்டும். அசையவே இல்லை என்றால், சார்ஜருக்குக் கரண்ட் வருகிறதா, ஃபியூஸ் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகே சார்ஜரைக் குறை சொல்லலாம். வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நன்றாக ஏறி, நிறுத்திக் கரண்டில் போடும்போது மட்டும் ஏறவில்லை என்றால் பேட்டரி மேல் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று. அடியோடு இறங்கிவிட்ட பேட்டரியைப் பல புதிய சார்ஜர்கள் கண்டுகொள்ளவே செய்யாது. எதிரில் கொஞ்சமாவது வோல்ட் தெரிந்தால்தான் வேலையைத் தொடங்கும். லித்தியம் பேட்டரியோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளி இணைப்பையே துண்டித்துக்கொள்ளும், மீட்டரில் பூஜ்யம்கூடக் காட்டும். இரண்டுமே செத்துவிட்டதாகத் தோன்றும். எழுப்பத் தெரிந்தவரிடம் காட்டினால் பல நேரம் எழுந்துவிடும். லித்தியத்துக்கு மாறியவர்கள் சார்ஜரின் பேட்டரி வகை ஸ்விட்சையும் மாற்றினார்களா என்று பார்க்கட்டும்.

எதில் கை வைக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சார்ஜரின் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் ஆளை அடிக்கும் கரண்ட் நிற்கும். பேட்டரி உப்பினாலோ அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல், கரண்ட் வரும் இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். அந்த நேரத்தில் டெர்மினலைக் கழற்றி நெருப்புப் பொறி வரவிடாதீர்கள். வெளியேறும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது.

இதில் என் கோபமெல்லாம் வண்டி கட்டுபவர்கள் மேல்தான். ஃபியூஸைக் கட்டிலுக்கு அடியில், நாலு ஸ்க்ரூ கழற்றினால்தான் தெரியும் பலகைக்குப் பின்னால் வைக்கிறார்கள். கையேட்டில் தொண்ணூறு பக்கம் இருக்கும், பழுது என்ற தலைப்பில் சேவை மையத்தை அணுகவும் என்று மட்டும் இருக்கும். சார்ஜ் ஏறும்போது எங்கே எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று உள்ளங்கை அளவு ஸ்டிக்கரில் அடித்து சார்ஜர் பக்கத்தில் ஒட்டக் கூடாதா? ஃபியூஸைக் கை எட்டும் இடத்தில் வைக்கக் கூடாதா? அந்தக் குடும்பத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள், அந்தக் கட்டிலில்தான் படுக்கிறார்கள்.

பேட்டரியை மாற்றச் சொன்ன அந்த வரிக்குப் பதிலாக, மேலே சொன்ன அளவுகளை உங்கள் வாகனப் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாகன வயரிங் வேலை பார்க்கும் வாசகர்