படத்தில் நிறம் கூட்ட வேண்டாம், பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பும் படத்தில் நிறத்தைக் கொஞ்சம் கூட்டிவிடச் சொல்லித் தம்பியிடம் கேட்டிருக்கிறாய். அவன் போனில் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவான், நான்தான் மறித்தேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நீ வந்து நின்றபோது எடுத்த படம், வெயிலில் கறுத்து நெற்றியெல்லாம் வியர்வையோடு நிற்கிறாயே, அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். கோபிக்காமல் ஆறுதலாக வாசி.

நீ விட்டுவிட்டுப் போன 'ஜேன் எயர்' நாவலை வாசித்து முடித்தேன். 1847இல் சார்லட் பிராண்டே வேறு பெயரில் வெளியிட்ட கதை. கதாநாயகி ஜேன் சின்ன உருவம், அழகில்லை, காசுமில்லை, ஒரு பெரிய வீட்டில் பிள்ளைக்குப் படிப்பிக்க வந்தவள். அந்த வீட்டுக்காரன் ரோச்செஸ்டர் மேல் மனம் போகிறது என்று தெரிந்ததும், தன்னை அடக்குவதற்காக இரண்டு படம் வரைகிறாள். தன் முகத்தை ஒரு குறையும் மறைக்காமல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வரைந்துவிடுகிறாள். அப்புறம் பிளான்ச் என்ற பணக்கார அழகியின் முகத்தை, ஆளைக் காணாமலே, மற்றவர்கள் சொன்னதை வைத்துக்கொண்டு, தந்தத் தகட்டில் நல்ல நிறமாகப் பார்த்துப் பார்த்து, அதற்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு கிழமை. அந்த இடத்தில் உன் நினைவுதான் வந்தது. நீயும் காணாத எவளோ ஒருத்தியின் முகத்துக்குப் பக்கத்தில் உன் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

ஆனால் அதே ஜேன்தான் பிறகு தோட்டத்தில் அவனிடம் நேருக்கு நேர் கேட்கிறாள், நான் ஏழை, அழகில்லாதவள் என்றால் எனக்கு மனமே இல்லையென்று நினைத்தீர்களா என்று. அவன் பிளான்சைத்தான் முடிக்கப்போகிறான் என்று நம்பிக்கொண்டுதான் கேட்கிறாள், பிள்ளை. அவன் இன்னும் ஜேனைப் பெண் கேட்கவில்லை. அவளுடைய மதிப்பு அவன் பார்த்துக் கொடுத்ததில்லை, அது முதலே அவளிடம் இருந்தது. எனக்கு இந்தக் கதையில் இதைவிடப் பெரிய இடம் இல்லை.

ரோச்செஸ்டருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது தெரியவந்ததும் ஜேன் அந்த வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். பிறகு கிரேக்கச் சிலை மாதிரி ஒரு பாதிரியார் வருகிறார், ஒழுக்கமானவர், தன்னைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்கு ஊழியத்துக்கு வா என்கிறார். அன்பில்லாமல் மனைவியாக வரமாட்டேன் என்று அவரையும் மறுத்துவிடுகிறாள். எங்கள் ஊராக இருந்தால் "உனக்கு இதைவிட ஆர் வருவான்" என்று எத்தனை பேர் வந்து புத்தி சொல்லியிருப்பார்கள்!

கடைசியில் வீடு எரிந்து, ஒரு கையும் கண்பார்வையும் போன ரோச்செஸ்டரிடம் தானாகத் திரும்பிப் போகிறாள். அப்போது அவள் கையில் சிற்றப்பன் விட்டுப்போன சொந்தக் காசு இருக்கிறது, யாரிடமும் ஒதுங்க வேண்டிய தேவை இல்லை. வந்து அவன் சடைபிடித்த தலையை வாரிவிடுகிறாள். இதைத் தியாகம் என்று சிலர் சொல்லலாம். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் இருக்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஒழுங்கையில் வலது கை இல்லாதவருக்கு அவர் மனைவி சோறு போடும்போது கறிகளையெல்லாம் இடது பக்கமாக ஒதுக்கி வைப்பா, வைத்துவிட்டு அன்றைய கடைக் கணக்கைக் கேட்டுச் சண்டையும் பிடிப்பா. அது குடும்பம், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. ரோச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தா, ஜமேக்காவிலிருந்து வந்தவள், மேல்மாடியில் பூட்டிக் கிடக்கிறாள். அவளுடைய வீங்கிய முகத்தையும் அலங்கோலத்தையும் காட்டி மிருகம் மாதிரி என்று எழுதிவிட்டுப் புத்தகம் போய்விடுகிறது. அழகில்லாத ஜேனின் மனதுக்குள் இவ்வளவு தூரம் போனவர், பெர்த்தாவின் மனதை ஏன் எட்டிப் பார்க்கவில்லை? ஜீன் ரீஸ் என்ற எழுத்தாளர் 1966இல் அவள் பக்கத்துக் கதையைத் தனி நாவலாகவே எழுதியிருக்கிறார். டொரோண்டோவில் நூலகத்தில் கேட்டுப் பார், நீ முதலில் வாசித்துவிட்டு எனக்கு எழுது. அடுத்த முறை வரும்போது எனக்கும் ஒரு பிரதி வாங்கி வா.

அன்புடன்,
அம்மா
முள்ளியவளை