விளக்கு பாடுகிறது, அக்கா பாடுவது கேட்கவில்லை

குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்றாம் மாடி ரேடியோ பெரியவர்தான் எழுதுகிறேன். விஷயம் உங்களுக்குத் தெரியும். மூன்று முறை வாயால் சொல்லியாயிற்று, ஒருமுறை புகார்ப் புத்தகத்திலும் எழுதியாயிற்று. வராந்தாவிலும் மாடிப்படியிலும் இருந்த டியூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டீர்களே, அன்றிலிருந்து மாலை 6 மணிக்கு டைமர் விழுந்ததும் என் ரேடியோவில் 'ட்ர்ர்ர்' ஆரம்பித்துவிடுகிறது. விடிகிற வரை ஓய்வதில்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். மதுராந்தகம் பக்கம் இருக்கிற என் அக்காவுக்கு வயது 76. அவள் பாடிய நடவுப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு போய், இரவு 8 மணிக்குச் சென்னை வானொலிக்காரர்கள் மீடியம் வேவ் 720 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பினார்கள். இயர்போன் துளையிலிருந்து ரெக்கார்டருக்கு ஒயர் போட்டு, ஏழரைக்கே தயாராக உட்கார்ந்திருந்தேன். பதிவானது என்ன தெரியுமா? குலவை கேட்கிறது. பாட்டின் சொல் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. அக்கா மூச்சு வாங்கும் இடமெல்லாம் நம் வராந்தா விளக்குகள் பாடுகின்றன. முடிந்ததும் போன் செய்து, "கேட்டியாடா, நல்லா வந்துச்சா?" என்றாள். "நல்லா வந்துச்சுக்கா" என்றேன்.

என் வீட்டுச் சாமான்தான் கோளாறு என்று செயலாளர் சொன்னார். முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவனிடம்! முதலில் என் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி ரேடியோவில்தான் பார்த்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. ரேடியோவும் கையுமாக வராந்தாவில் நடந்தேன். ஒவ்வொரு பல்பின் அடியிலும் ஏறியது, தாண்டினால் இறங்கியது. பல்புக்குள் இருக்கும் டிரைவர் என்ற சின்ன சர்க்யூட், மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த இரைச்சல் வெளியே போகாமல் தடுக்க ஒரு கம்பிச்சுருளும் கண்டென்சரும் போதும். விலை மலிவான பல்பில் முதலில் விட்டுவிடுவது அதைத்தான். பிறகு கட்டட ஒயரிங் முழுக்க ஏரியலாகிவிடுகிறது. சென்னையிலிருந்து கடலூருக்கு 150 கிலோமீட்டர் தாண்டி வருகிற அலை, தலைக்கு மேலே நாலடியில் இருக்கும் பல்போடு எப்படி மல்லுக்கட்டும்? எஃப்.எம். என்றால் பெரும்பாலும் தப்பித்துவிடும். மீடியம் வேவில் ஒலி ஏறி வருவதே அலையின் ஏற்ற இறக்கத்தில்தான். இரைச்சலும் அதே வழியில் உள்ளே வந்துவிடுகிறது.

ஆகவே அந்த பல்புகளை மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். "ஆப்பில் கேளுங்க சார்" என்று கூட்டத்தில் சிரித்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, கரண்டும் இல்லாமல் டவரும் இல்லாமல் இந்த ஊர் கிடந்தபோது எந்த ஆப்பில் செய்தி கேட்டோம் என்று சிரித்தவர்களைக் கேட்க ஆசை. இன்றைக்கும் கரண்ட் போனால்தான் எனக்கு 720 கண்ணாடி மாதிரி கேட்கிறது. ஊரே மின்வெட்டைத் திட்டும்போது நான் ஒருவன் அதற்காகக் காத்திருக்கிறேன்.

புத்தாண்டுக்கு டி.ஜே. வைக்க ஐந்தே நிமிடத்தில் தீர்மானம் போட்ட சங்கம் இது. லிஃப்டுக்குள் ஒரு அம்மா, கதவு மூடுகிறது, கதவு மூடுகிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அதற்கும் காசு கொடுத்திருக்கிறோம். சத்தத்துக்குச் செலவழிக்கத் தயங்காதவர்கள்... சரி, விடுங்கள். கேட்க வந்தது அதுவல்ல.

பல்புகளை மாற்றித் தாருங்கள். விளக்குகள் ரேடியோவுக்கு இடைஞ்சல் தராமலிருக்க வகுத்த சிஐஎஸ்பிஆர் 15 தரத்துக்குத் தேறியதா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் மாற்றப் பணம் இல்லையென்றால் என் மாடியில் மட்டுமாவது மாற்றுங்கள். அதற்கான செலவில் பாதி நான் தருகிறேன்.

வருகிற சனிக்கிழமை இரவு 8 மணிக்கு அக்காவின் பாட்டு மறு ஒலிபரப்பு. அதற்குள் முடியாவிட்டால் அந்த அரை மணி நேரம் மட்டும் வராந்தா, மாடிப்படி விளக்குகளை அணைத்து வைக்க அனுமதி தாருங்கள். யாரும் தடுக்கி விழாமல் என் பேரன் படிக்கட்டில் டார்ச்சோடு நிற்பான். பதிலை வாட்ஸ்அப் குழுவில் போடாமல் என்னிடம் நேரில் சொன்னால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியிலிருந்து