ஆத்தங்குடிக் கல் ஓர் இரவில் காயாது: கால எந்திரத் தொடர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநருக்கும் கதைக்குழுவினருக்கும் வணக்கம்.

உங்கள் தொடரில் சென்ற வாரம் ஒளிபரப்பான, நாயகன் 1943ஆம் ஆண்டுக்குப் போகும் அத்தியாயத்தைப் பற்றியே இந்த மடல். செட்டிநாட்டு வீட்டை ஜமீன் பங்களாவாகவோ நாட்டாமை வீடாகவோ ஆக்காமல், பர்மாவிலிருந்து திரும்பிய வணிகக் குடும்பத்தின் வீடாகவே காட்டினீர்கள். அதற்கு எங்கள் நன்றி. அவ்வளவு அக்கறையோடு தொடங்கிய கதை இப்படிச் சறுக்கியதால்தான் எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான்: கன்டினியூட்டி, அதாவது காட்சிக்குக் காட்சி பொருளும் உடையும் நேரமும் முரண்படாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஓர் உதவி இயக்குநரை வையுங்கள்.

கதையின் முடிச்சே ஓர் ஆத்தங்குடிக் கல், அதாவது எங்கள் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் பூவேலைத் தரைக்கல். நாயகன் இரவில் கல் வார்த்து, நினைவகச் சில்லை அலுமினியப் பெட்டியில் போட்டு அதற்குள் புதைத்து, விடிவதற்குள் வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) பதித்துவிடுகிறான். இது நடக்காது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்ற வேண்டும். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, ஈரக் கலவையால் மூடி மட்டம் தட்ட வேண்டும். அது இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறி, வெளியே வந்து காய வேண்டும். அவசரப்பட்டால் விளிம்பு உதிரும், கல் விரிசல் விடும். அலுமினியப் பெட்டியோ அதைவிட மோசம். ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கல் அன்றிரவே பொத்தலாகிவிடும். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற காரைக்குடிப் பக்கம் வந்து படமெடுத்தவர்கள் இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

இதற்கு மாற்று எளிது. ஏற்கெனவே பதித்த கல் ஒன்றைப் பெயர்த்து, மெழுகால் அடைத்த பித்தளைச் சம்புடத்தை அடியில் வைத்துத் திரும்பப் பதித்திருந்தால் ஓர் இரவு போதும்.

அந்தக் கல்லுக்கு 1943இல் எட்டு இதழ், பச்சைக் கரை. இன்றைய காலக் காட்சியில் ஆறு இதழ், சிவப்புக் கரை. 'இதே கல்தான்' என்று நாயகி அழுகிறபோது எங்களால் அவளோடு சேர்ந்து அழ முடியவில்லை.

அடுத்தது நேரம். எந்திரத்தில் இன்றைய இந்திய நேரப்படி இரவு 8 என்று குறிக்கிறார்கள்; வளவுக் கடிகாரமும் 8 காட்டுகிறது. போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. அங்கே 9 காட்டியிருக்க வேண்டும். நாயகன் தன் ஐயாவை ஏன் தவறவிட்டான் என்று அத்தியாயம் கடைசிவரை சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரமே காரணம் என்று வைத்திருந்தால் அந்த ஓட்டையும் அடைபட்டிருக்கும்!

கடித உறையில் பின்கோடு; அது வந்தது 1972இல். முகவரியில் சிவகங்கை மாவட்டம். அது பிறந்தது 1985இல், அதுவரை இராமநாதபுரம். திருமணத்துக்கு அணிகிற கழுத்திருவோடு ஆச்சி அடுப்படியில் நிற்கிறார். நடந்ததை மாற்ற முடியாது என்பது மூன்றாம் அத்தியாயத்தில் நீங்களே போட்ட விதி. இங்கே புகைப்படத்திலிருந்து ஒருவர் மறைந்துபோகிறார்.

எங்கள் வீடுகளைப் பின்னணித் திரையாக மட்டும் பார்க்கிற பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் வேர். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில் ஒளிவிளக்குக்காக ஆணி அடிக்கிறார்கள். பெயர்ந்த பூச்சை அதேபோல் பூச இன்று எத்தனை கொத்தனார்கள் இருக்கிறார்கள்? பொறுத்தருளுங்கள், இந்த மடலின் பொருள் அதுவல்ல.

கன்டினியூட்டிக்கு ஓர் ஆள், அவர் கையில் ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு காட்சிக்கும் கதை நடக்கும் தேதி, கடிகார நேரம், உடை, நகை, கையில் உள்ள பொருள், ஷாட் முடிந்ததும் ஒரு புகைப்படம். முதல் பக்கத்தில் காலப் பயணத்தின் விதிகள். அவற்றை மீறும் வசனம் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது. அடுத்த அத்தியாயத்தின் படப்பிடிப்பு தொடங்குமுன் இதைச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கல் காட்சியை மட்டுமாவது திருத்தி மறுஒளிபரப்பில் சேர்த்தால் மகிழ்வோம்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரப் பார்வையாளர்கள்