மல்லிகாவுக்கு, முட்டி விஷயமாக

அன்புள்ள மல்லிகா,

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு எழுதவே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். வாணி மகள் கல்யாணம் குடியாத்தத்தில் நன்றாக நடந்தது. நீ வரவில்லையென்று அவள் இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறாள், போன் போட்டுப் பேசிவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் முட்டி ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று என்று சாந்தி சொன்னாள். ஏன்டி, இத்தனை வருஷமாக ஊரார் முட்டியையும் தோளையும் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒருத்தி உனக்கு இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? அந்தக் கோபம் இருக்கட்டும். சாந்தி அனுப்பிய உன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தேன். ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றால் யாருக்கும் பயம் வரும். ஆனால் அதில் எழுதியிருப்பது மெனிஸ்கஸ், அதாவது முட்டிக்குள் எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வில், வயதாக ஆக வருகிற கிழிசல். நீ விழவில்லை, காலை முறுக்கிக்கொள்ளவில்லை என்று சாந்தி சொல்கிறாள்.

அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில், வலி இருக்கிறவர் இல்லாதவர் என்று பிரிக்காமல், 50 முதல் 90 வயது வரை 991 பேருக்கு முட்டியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வந்த ஆய்வு. ஐம்பதுகளில் இருக்கிற பெண்களில், அதாவது நம் செட்டில், 19 சதவீதம் பேருக்குக் கிழிசல் இருந்தது. எழுபது தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்கு மேல். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ எதுவும் இல்லை! உன் வலி நிஜம், அதை நான் ஒருநாளும் மறுக்க மாட்டேன். கிழிசலும் நிஜம். ஆனால் இந்தக் கிழிசலால்தான் அந்த வலி என்று ஒரு ஸ்கேனைப் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கேள், எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து மனசை விட்டுப் போகவில்லை. ஃபின்லாந்தில் உன்னைப் போலவே தேய்மானம் இல்லாமல் ஜவ்வு மட்டும் கிழிந்த 146 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் துளை போட்டு உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தார்கள். அதற்கப்புறம் குலுக்கல் மாதிரி பிரித்து, பாதிப் பேருக்குக் கிழிந்த ஜவ்வை வெட்டி எடுத்தார்கள், மீதிப் பேருக்கு எதையும் வெட்டவில்லை. ஆனால் வெட்டுகிற மாதிரியே கருவிகளைக் கேட்டு வாங்கி, காலை ஆட்டி அசைத்து, அதே நேரம் தியேட்டரில் வைத்திருந்து அனுப்பினார்கள். தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேறியிருந்தார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் வெட்டியதால் கூடுதல் பலன் இல்லை. இப்படிப் போலி ஆபரேஷன் செய்து பார்ப்பது நியாயமா என்று நானும் யோசித்திருக்கிறேன், ஆனால் அந்த நோயாளிகள் தெரிந்தே சம்மதித்தவர்கள். அவர்கள் சம்மதித்ததால்தான் இன்று உன் காலைப் பற்றி நான் இவ்வளவு தைரியமாகப் பேச முடிகிறது.

"ரெண்டு நாள் காலைத் தூக்கி இறக்கினா சரியாயிடுமா" என்று நீ சாந்தியிடம் கேட்டாயாம். ஆகாதுதான், ரெண்டு நாளில் ஆகாது. நார்வேயில் 140 பேரில் பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு 12 வாரம் கண்காணிப்போடு பயிற்சி கொடுத்தார்கள், 2016இல் வெளியானது. இரண்டு வருஷம் கழித்து இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை, மூன்றாம் மாதத்தில் தொடை பலம் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் அதிகம். பயிற்சிக் குழுவில் சுமார் ஐந்தில் ஒருவர் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள், அதையும் மறைக்கவில்லை. அந்தக் கதவு மூடப்போவதில்லை, மூன்று மாதம் கழித்தும் திறந்தேதான் இருக்கும்.

பயிற்சி என்றால் ஏதோ சமாதானத்துக்குச் சொல்வது என்று நினைக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதுவும் வேலூரில் படித்த நீ! 1946இல் இங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம் மாற்றித் தைத்தார். தைத்தால் மட்டும் விரல் நிமிர்ந்துவிடுமா? புது வேலையை அந்தத் தசைக்குப் பொறுமையாகப் பழக்க வேண்டும், அது பயிற்சியில்தான் நடக்கும். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதே மாதிரி தொழுநோய்க் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார், 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததும் அவரால்தான். என்னிடம் வருகிற பீடி சுற்றும் அம்மாக்கள், ஷூ கம்பெனிப் பெண்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பளு ஏற்றுகிறோம். முதல் வாரங்களில் லேசாக வலிக்கும், அதற்குப் பயந்து நிறுத்தாதே.

உன் மாமியார் புத்தூர் கட்டு போடலாம் என்றார்களாமே. எலும்பு எதுவும் முறியவில்லை, கட்டி அசையாமல் வைத்தால் தொடை இன்னும் மெலியும், பக்குவமாகச் சொல்லிவிடு.

ஒரு விஷயத்தில் மட்டும் என்னிடம் மறைக்காதே. முட்டி திடீரென்று பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போகிறதா? திடீரென வீங்குகிறதா? அப்படியென்றால் நான் மேலே எழுதியது அப்படியே பொருந்தாது, உடனே டாக்டரிடம் போ. விளையாடும்போது அடிபட்ட இளவயசுக்காரர்கள், முழுக்கத் தேய்ந்து மூட்டு மாற்றுகிறவர்கள் கணக்கும் வேறு.

அதெல்லாம் இல்லையென்றால், தேதியைத் தள்ளிப்போட முடியுமா, முதலில் 12 வாரம் பயிற்சி செய்து பார்க்கலாமா என்று டாக்டரிடம் நேராகக் கேள். அவர் என்ன சொன்னாலும் எனக்கு எழுது. இல்லையென்றால் ரயில் ஏறி வா, காட்பாடி ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு வைக்கிறேன், சாப்பிட்ட கையோடு உன் காலைப் பார்த்துவிடலாம்.

உன்
கலா